வைஃபை அடிக்கடி கட் ஆகுது, புது ரூட்டர் வாங்கிடலாமா?

2025 மே 11, இரவு 9.40 (அரூரிலிருந்து கேள்வி)

எங்க வீட்டு வைஃபை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கட் ஆகுது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் கழிச்சு தானா வந்துடுது. ரூட்டர் நாலு வருஷம் பழசு. புதுசு மாத்தினா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கிடலாமா?

மே 11, இரவு 10.25

வாங்க வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

ஏப்ரலில் இதே நிலையில் 1,900 ரூபாய் கொடுத்து நான் ஒன்று வாங்கினேன். ஃபைபரோடு வந்த பெட்டியிலிருந்து லேன் கேபிள் இழுத்து அதில் மாட்டினேன். கட் ஆவது நிற்கவில்லை. இப்போது அது பரண் மேல் இருக்கிறது.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில், தெருவின் கடைசி. பின்னால் மாந்தோப்பு. சாயங்காலம் 6.30 முதல் 8.30 வரை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். துபாயில் ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன் பின்னத்தில் மிகவும் தடுமாறுபவன். அவன் கஷ்டப்பட்டு பகுதியைச் சமப்படுத்திக்கொண்டு வரும்போது படம் அப்படியே உறைந்து நிற்கும். நெட் திரும்பி வருவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது அவனுக்கு மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அவன் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை.

முதலில் போவது வைஃபையா, நெட்டா என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் போனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே இருப்பதுதான் வைஃபை. பெட்டிக்கு அப்பால் இருப்பது லைன். லேப்டாப்பில் இரண்டு பிங் ஓட விடுங்கள் (ஒரு முகவரியைத் தட்டிக்கொண்டே இருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளைதான் பிங்). ஒன்று வீட்டுப் பெட்டிக்கு, பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று வெளியே, 8.8.8.8. கட் ஆகும் நேரத்தில் வெளிப் பிங் மட்டும் நின்றால் லைன் பக்கம் கோளாறு. இரண்டும் நின்றால் வைஃபை பக்கம்.

எனக்கு இரண்டும் நின்றது. அதனால் சேனலைப் பார்த்தேன். வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் ஊரில் 13 சேனல், அதாவது 13 தடம். பக்கத்துப் பக்கத்துச் சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபை அடைக்கும் இடமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை ஒன்று இடிக்காமல் இருக்க வழக்கமாக வைப்பது மூன்று: 1, 6, 11. என் போனில் தெரிந்த ஒன்பது வைஃபையில் ஆறு, 6-ஆம் சேனலிலேயே குவிந்து கிடந்தன. என்னுடையதும் அதில்தான். முந்தாநாள் 1-க்கு மாற்றினேன். நேற்றும் இன்றும் ஒரு தடவைகூடப் போகவில்லை. உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

மே 12, காலை 6.10

சேனல் எங்கே மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே வைஃபை பகுதியில் சேனல் 'ஆட்டோ' என்று இருக்கும். அதை எடுத்துவிட்டு 1 அல்லது 11 வையுங்கள்.

மே 13, இரவு 8.50

மறுபடி போய்விட்டது. 7.12-க்கு ஒரு முறை, 7.40-க்கு ஒரு முறை. மே 11 குறிப்பின் கடைசி வரியை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம், மன்னிக்கவும்.

சேனல் மாற்றியது வீண் இல்லை. பின் அறையில் வீடியோ முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கட் ஆவதற்குக் காரணம் அது இல்லை. அப்படியானால் அந்த இரண்டு நாள் மட்டும் ஏன் நன்றாக இருந்தது? புரியவில்லை.

மே 15, இரவு 9.30

இன்றைக்கு எழுதுவதை அரூர்க்காரர் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் மாமனார் முப்பது வருஷம் கிரானைட் கம்பெனியில் லோடு கணக்கு எழுதியவர். எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதிப் பழகிய கை. பெட்டி மாட்டியிருப்பது ஹாலில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. நான் பின் அறையில் பாடம் எடுப்பதால் அதன் விளக்குகளை நான் பார்த்ததே இல்லை. மே 13 இரவு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் அவராகவே எழுத ஆரம்பித்திருக்கிறார். இன்று கொண்டுவந்து கொடுத்தார். கோடு போட்டு மூன்று பத்தி. நேரம், விளக்கு, குறிப்பு.

"7.04. எல்லா லைட்டும் போச்சு. 7.05 முதல் லைட் மட்டும். 7.08 எல்லாம் சரி."
"7.31. மேற்படி."
"8.10. மேற்படி. ஃபேன்."

'ஃபேன்' என்றால் என்ன மாமா என்று கேட்டேன். "ஃபேன் சத்தம் எறங்குது கண்ணு. அது எறங்கினதுக்கு அப்பறம்தான் அந்தப் பெட்டி சாவுது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லைன் போனால் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கும், மற்றவை எரியும். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, பவர் விளக்கு முதலில் வந்து, பிறகு ஒவ்வொன்றாக வந்தால் பெட்டியே செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். லைனும் இல்லை, வைஃபையும் இல்லை, கரண்ட்.

ஆகவே மே 11-இல் நான் சொன்ன பிங் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு பிங்கும் நின்றால் வைஃபைதான் என்று முடிவு கட்டக் கூடாது. பெட்டி அணைந்தாலும் இரண்டும்தான் நிற்கும். கட் ஆகும் நேரத்தில் ஒருவர் பிங்கையும் இன்னொருவர் விளக்கையும் பார்க்க வேண்டும். ஏப்ரலில் புது ரூட்டரில் வைஃபை அடையாளம் முழுதாக இருக்க நெட் மட்டும் போனது. அப்போதே பெட்டியைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மே 16, இரவு 9.05

ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்டேஜ் தெரியும். மதியம் 214. சாயங்காலம் 7.02-க்கு மாமா கூப்பிட்டார், ஓடிப் போய்ப் பார்த்தேன். 158. டியூப் லைட் ஓரத்தில் கறுத்துத் துடித்தது. பெட்டி அணைந்தது.

ஆனால் பெட்டியின் அடாப்டரில் '100–240 வோல்ட்' என்று அச்சடித்திருக்கிறது. 158 அதற்குத் தாராளம். கொழுந்தனாரின் மல்டிமீட்டரை வாங்கி அடாப்டர் முனையில் வைத்தேன். 12.1 வோல்ட். சரியாக இருக்கிறது. ஆகவே அடாப்டர் இல்லை, பெட்டிதான் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கஸ்டமர் கேரில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். வைஃபை பெயர், கடவுச்சொல், சேனல் எல்லாம் அழிந்தது. வேறு பலன் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளாமல் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்.

மே 18, இரவு 10.15

முந்தாநாள் எழுதியது தவறு. அடாப்டர்தான்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த அண்ணனிடம் அடாப்டரைக் கொடுத்து, "12.1 காட்டுதுண்ணா, நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் சந்தேகம்" என்றேன். அவர் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன்னால் டிராயரைத் திறந்து ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 12 வோல்ட், 10 வாட். அதை அடாப்டர் முனையில் கோர்த்தார், பிறகு மீட்டரை வைத்தார். 12.1 சரசரவென்று இறங்கி 9.6-க்கு வந்து நிற்காமல் ஆடியது. "சும்மா நிக்கறப்ப எல்லாரும் பயில்வான்தாம்மா, மூட்டையத் தூக்கச் சொல்லிப் பார்க்கணும்" என்றார்.

அந்தப் பல்பு இழுப்பது சுமார் 0.8 ஆம்பியர். அந்தச் சுமையைக்கூட இந்த அடாப்டரால் தாங்க முடியவில்லை, மேலே அச்சடித்திருப்பதோ 1.5 ஆம்பியர். பிளந்து காட்டினார். உள்ளே விரல் நுனி உயரத்துக்கு உருளை உருளையாக இரண்டு கெப்பாசிட்டர், கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும் பாகம். நல்லதன் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பி, மேலே இருக்கும் கூட்டல் குறி வெட்டு விரிந்து, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வருஷக்கணக்கில் வற்றிப்போனால் இப்படி ஆகுமாம். 158 வோல்ட்டிலும் ஓட வேண்டும் என்பது புது அடாப்டருக்கு உண்மை. கெப்பாசிட்டர் வற்றிய அடாப்டருக்கு ஒரு நொடி வோல்டேஜ் இறங்கினாலே தம் பிடிக்க முடியாது.

புதியது 280 ரூபாய். வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் தடிமனும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டப் படமும் ஒத்துப்போக வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மே 19, காலை 5.50

தூக்கம் வரவில்லை, ஒன்று பிடிபட்டது. சேனல் மாற்றிய மறுநாளும் அதற்கு மறுநாளும், மே 10, 11, இங்கே நல்ல மழை. மழை பெய்தால் சுற்றிலும் யாரும் மோட்டார் போட மாட்டார்கள். மோட்டார் புறப்படும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். நாங்களோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வீடு, இறக்கம் முழுதும் எங்கள் தலையில். மழையால் மோட்டார் ஓடவில்லை, வோல்டேஜ் இறங்கவில்லை, பெட்டி சாகவில்லை. நான் அதைச் சேனலின் பெருமை என்று எடுத்துக்கொண்டு உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

மே 25, இரவு 9.00

ஏழு நாள். ஒரு முறைகூட இல்லை. 7 மணிக்கு ஃபேன் இறங்கத்தான் செய்கிறது, பெட்டி அசையவில்லை. துபாய்ப் பையன் இன்று 5/12-ஐயும் 3/8-ஐயும் கூட்டி 19/24 என்று ஒரே மூச்சில் முடித்தான். இடையில் யாரும் உறையவில்லை.

மினி யூபிஎஸ் வாங்கினால் இத்தனை அலைச்சல் இல்லையே என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கரண்ட் போகும் ஊருக்கு அது நல்ல பொருள்தான், நானும் வாங்கப் போகிறேன். ஆனால் பல மினி யூபிஎஸ்கள் பெட்டியோடு வந்த அடாப்டரிலிருந்துதான் சார்ஜ் ஏறும். அடாப்டர் நொண்டியாக இருந்தால் யூபிஎஸ்ஸும் அரை வயிற்றோடுதான் இருக்கும். முதலில் அடாப்டர்.

மே 27, இரவு 8.45

அரூர்க்காரர் விளக்கைப் பார்த்துவிட்டார். அவருக்கு எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்குகிறதாம், பவர் விளக்கு அணைவதே இல்லை. அப்படியானால் உங்கள் கதை என் கதை இல்லை. அடாப்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். உங்கள் பெட்டிக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை.

ஃபைபருக்குள் வெளிச்சம் ஓடும் கண்ணாடி நடுத்தண்டு சுமார் 9 மைக்ரான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. அழுத்தி மடித்தால் வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். கம்பத்திலிருந்து பெட்டி வரை கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஆணியில் மடங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா, மிச்சக் கேபிளை யாராவது கைக்குட்டை மாதிரி மடித்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார்களா. கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் நேரானது. பச்சையோடு நீலத்தைச் சேர்த்தால் நடுவே இடைவெளி விழும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். வருவது 1490 நானோமீட்டர் லேசர். கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

ஜூன் 1, மதியம் 2.30

அரூர்க்காரருக்குக் காரணம் கிடைத்துவிட்டதாம்! ஜன்னல் வழியாகக் கேபிள் உள்ளே வருகிறது. இரும்பு ஜன்னல் கதவைச் சாத்தும்போதெல்லாம் கேபிள் நசுங்குகிறது. கொசுவுக்காகச் சாயங்காலம் சாத்துவார்கள், புழுக்கத்துக்குத் திறப்பார்கள். மதியம் காற்றுக்குத் தானாகவும் அடித்துக்கொள்ளும். ஏழெட்டு தடவை என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. லைன்காரர் வந்து வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் வைத்தபோது கதவு சாத்தினால் −31, திறந்தால் −24 (பூஜ்யத்தை விட்டு விலக விலக வெளிச்சம் குறைவு). இந்த வகைப் பெட்டிகளுக்கு −27 வரைதான் தாங்கும். சுவரில் துளை போட்டு, நசுங்கிய இடத்தை வெட்டி ஒட்டிய பிறகு −21.

நான்கு வருஷப் பழைய ரூட்டர் அதே இடத்தில் அப்படியே ஓடுகிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 3, இரவு 9.20

கட் ஆவது தீர்ந்த பிறகுதான் பின் அறையின் மெதுவான வேகம் உறுத்த ஆரம்பித்தது. சிக்னல் பார்க்கும் செயலியில் ஹாலில் −42, பின் அறையில் −78. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. −67 சுற்றி இருந்தால் வீடியோ வகுப்பு தாராளமாக ஓடும். −78 இழுபறி.

நடுவே என்ன இருக்கிறது என்று வீட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பெட்டிக்கும் அறைக்கும் நேர்கோட்டில் மாமியாரின் கல்யாண சீர் பீரோ. இரும்பு, கதவு முழுக்கக் கண்ணாடி. இரும்பும் சரி, கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் ரசமும் சரி, அலையை அடித்துத் திருப்பிவிடும். பீரோவை நகர்த்த மனசு வரவில்லை, அத்தை போன பிறகு அது அதே இடத்தில்தான் இருக்கிறது. லைன்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியை நான்கடி தள்ளி, நிலைக்கதவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். பின் அறையில் −61. 17 எண் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மூன்று ஏறினால் இரட்டிப்பு என்று கணக்கு, 17 ஏறினால் ஐம்பது மடங்கு. பிள்ளைகளுக்கு மடக்கை நடத்தும்போது இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜூன் 5, இரவு 11.00

இன்று நான்கு மணி நேரம் நெட் இல்லை. மாங்காய் லாரி. சீசன் உச்சம், கூழ் ஃபேக்டரிகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் போகின்றன. என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் இரவு ஷிஃப்ட். பாரம் கொஞ்சம் உயரம், தாழத் தொங்கிய ஃபைபரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாமா நோட்டில் ஒரே வரி: "5.20. சிவப்பு." அதைப் பார்த்தே லைன்காரருக்குப் போன் போட்டேன். பிங் தேவைப்படவில்லை.

ஜூன் 8, இரவு 9.45

இது நானே இழுத்துவிட்டுக்கொண்டது. பரண் மேல் கிடந்த 1,900 ரூபாய் ரூட்டரை மொட்டை மாடி அறைக்கு வைக்கலாம் என்று இறக்கி, பெட்டியிலிருந்து வந்த கேபிளை அதன் லேன் துளையில் செருகினேன். மாமா போனில் பாட்டு ஓடுகிறது, என் லேப்டாப்பில் நெட் இல்லை. அரை மணி கழித்து தலைகீழ். 'ஐபி முகவரி மோதல்' என்று ஒரு செய்தி.

வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் கொடுப்பது டிஹெச்சிபி என்கிற வேலை. அதைப் பெட்டியும் செய்கிறது, புது ரூட்டரும் செய்கிறது, இரண்டின் முகவரியும் 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு தபால்காரர்கள் ஆளுக்கொரு கதவு எண் எழுதிப் போனால் என்ன ஆகும்? புது ரூட்டரில் டிஹெச்சிபியை நிறுத்தினேன், அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். தீர்ந்தது. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டிலும் ஒன்றாகவே வைத்தேன், போன் தானாக மாறிக்கொள்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். மே மாதத்தில் பட்டது போதும். நோட்டில் அதற்கு நான்காவது பத்தி கேட்டு மாமாவிடம் கோடு போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 9, காலை 6.30

ஓசூர் தம்பிக்கு. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென்று மறைந்து கொஞ்ச நேரம் கழித்து வருகிறது, 2.4 அசைவதில்லை என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்ளும் இடம். ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும். புதுச் சேனலும் அதே வகை என்றால், பேசும் முன் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 36–48 அல்லது 149-க்கு மேல் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 22, இரவு 9.10

வோல்டேஜுக்குத் தெருவில் பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்தோம், கூடவே மாமாவின் நோட்டிலிருந்து எட்டுப் பக்கம் ஜெராக்ஸ். ஆட்கள் வந்து கம்பத்தில் கருகிப்போயிருந்த ஓர் இணைப்பை வெட்டிப் புதிதாக முறுக்கினார்கள். சாயங்காலம் இப்போது 190-க்குக் கீழே இறங்குவதில்லை. எதிர்வீட்டு அக்கா கிரைண்டர் போட்டுக்கொண்டே டிவி பார்க்கிறார்.

நோட்டை இன்று எடுத்துப் பார்த்தேன். கடைசி ஆறு பக்கத்திலும் மேலே தேதி, கீழே கோடு போட்ட நான்கு பத்தி, உள்ளே ஒன்றுமில்லை. நாளைய பக்கத்துக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறார்.